பெரியாஸ்பத்திரி ஹார்ட் ஓபி: காய்ச்சலுக்குப் போனோம், கை காலப் பாத்தே இதய வால்வுல கிருமின்னு சந்தேகப்பட்டாங்க

அஞ்சுக்கு நாலரை ஸ்டார்.

எங்க மதினிக்கு சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல இதயத்துல மைட்ரல்ங்கற வால்வு கெட்டுப்போச்சு, பெனிசிலின் ஊசிக்கு வருஷக்கணக்கா இந்த ஓபிக்குத்தான் போறாங்க. இப்ப கொஞ்ச நாளா சாயங்காலமானா குளிர் காய்ச்சல், சாப்பாடு எறங்கல, ஆளே மெலிஞ்சுட்டாங்க. பக்கத்துல ஒரு கிளினிக்ல டைபாய்டா இருக்கும்னு ஆன்டிபயாடிக்க மாத்தி மாத்தி குடுத்தாங்க, வால்வு பிரச்சனை இருக்குன்னு சொல்லியும் ஸ்டெதாஸ்கோப் கூட வைக்கல, எனக்கு அது இன்னும் ஆறல.

இங்க டாக்டரம்மா எக்கோ (இதய ஸ்கேன்) சீட்டு எழுதறதுக்கு முன்னாடியே கைய ஜன்னல் வெளிச்சத்துல விரிக்கச் சொன்னாங்க. விரல்ல மருதாணி இருந்துச்சு, அதனால கால் நகத்தப் பாத்தாங்க, அடியில சிலாம்பு ஏறுன மாதிரி நெடுக்க மெல்லிசா கருஞ்செவப்பு கோடு. கீழ் இமைய இழுத்தா உள்ள செம்புள்ளி. உள்ளங்கால்ல வலியே இல்லாத தட்டையான செவப்புத் திட்டு, விரல் நுனியில தொட்டாலே வலிக்கிற சின்ன முடிச்சு, நாங்க அத சூட்டுக்கொப்புளம்னு விட்டுருந்தோம். இந்த அடையாளங்கள்ல வலிக்காததுக்குப் பேரு ஜேன்வே, வலிக்கிறதுக்குப் பேரு ஆஸ்லர்னு கூட நின்ன பிஜி டாக்டர் பசங்களுக்கு சொன்னாங்க. நம்ம நெறத்துக்கு இதெல்லாம் மேல்தோல்ல சட்டுனு தெரியாதாம், உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணு, வாய்க்குள்ளதான் தேடணுமாம்.

எங்களுக்கும் பொறுமையா வெளக்கினாங்க. இதுக்குப் பேரு எண்டோகார்டைட்டிஸாம், வால்வுல கிருமி ஒட்டி கட்டியா வளரும், அதுலருந்து துணுக்கு பிச்சுக்கிட்டு ரத்தத்துல போயி சின்ன குழாயில அடைக்கும், அதே துணுக்கு மூளைக்குப் போனா பக்கவாதம். நகத்துல கோடு அடிபட்டாக்கூட வரும், நெறைய பேருக்கு தோல்ல ஒண்ணுமே வராது, ஆனா வால்வு கெட்டவங்களுக்கு விடாத காய்ச்சலோட இது வந்தா காத்திருக்கக் கூடாதுன்னாங்க. சொத்தைப் பல் இருக்கான்னும் கேட்டாங்க, வாயில இருக்கற கிருமி ரத்தத்துல கலந்தும் இது வருமாம்.

அன்னிக்கே அட்மிஷன், வேற வேற எடத்துல குத்தி 3 தடவ பிளட் கல்ச்சர் (ரத்தத்துல என்ன கிருமின்னு வளத்துப் பாக்குற டெஸ்ட்) எடுத்துட்டுத்தான் மருந்தே ஏத்துனாங்க. தொண்டை வழியா பாக்குற எக்கோவுல வால்வு மேல கட்டி தெரிஞ்சுது. 4லருந்து 6 வாரம் நரம்பு ஊசி போடணுமாம், இப்ப வார்டுலதான் இருக்காங்க, காய்ச்சல் விட்டுருச்சு.

அரை ஸ்டார் கொறச்சது எக்கோ க்யூவுக்கும் பாத்ரூமுக்கும், கூட இருக்கறவங்க படுக்கவும் எடமில்ல. காலையில சீக்கிரமே போயி சீட்டு போடுங்க, சாப்பிட்ட மாத்திரை அட்டையெல்லாம் கையோட கொண்டு போங்க, முன்னாடி சாப்பிட்ட ஆன்டிபயாடிக்னால கல்ச்சர்ல கிருமி தெரியாமப் போகலாம்னு மொதல்ல அதத்தான் கேப்பாங்க.