டாஸ்க் மேனேஜரைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்: ஏமாறாதீர்கள்

"உங்கள் கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது" என்று போனில் அழைக்கிறார்கள். இல்லையென்றால், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு எச்சரிக்கை, அதில் ஒரு போன் எண். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. அது வெறும் இணையப் பக்கம்தான். பிரவுசரை மூடினால் போய்விடும். இது தெரிந்தவர்களும் அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ரிமோட் செயலி (தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவுவது) வழியாக அந்தக் கும்பல் உள்ளே வந்து, "நீங்களே பாருங்கள்" என்று காட்டும்போது பயம் வந்துவிடுகிறது.

கணினியில் ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து முதலில் காட்டுவது எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe). ஒரே பெயரில் ஐம்பது, அறுபது ஓடுவதைக் காட்டி, எல்லாம் வைரஸ் என்பார்கள். அது விண்டோஸ் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் வேலைகளை, இயக்கும் புரோகிராம். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட்டில் ஓடுகின்றன. அதனால்தான் அத்தனை. கணினியில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரில் காட்டும் சிவப்புக் குறிகளும் நல்ல கணினியிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும்.

பலரை நம்ப வைப்பது இன்னொன்று. 888 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றைப் போனில் படித்து, "உங்கள் கணினியின் லைசன்ஸ் எண் இதுதானே?" என்பார்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டச் சொல்வார்கள். அதே எண் திரையில் வரும். அது ஜிப் கோப்பு உருவாக்கும் வசதிக்கான அடையாள எண். எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான் வரும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போங்கள். சந்தேகப்படும் பெயரில் ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். அசல் எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் (System32) இருக்கும், அரிதாகச் சிஸ்வாவ்64-இல் (SysWOW64). தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடினாலோ, பெயரில் ஒரு எழுத்து இடம் மாறியிருந்தாலோ அது போலி. வேறொரு புரோகிராம், செயலிகளின் தகவல்களை வைக்கும் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரில் இருப்பதாலேயே கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நல்ல செயலிகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. கோப்பின் புராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் (தயாரித்த நிறுவனத்தின் மின்-கையொப்பம்) பாருங்கள். அதுவும் போதாதென்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் வைரஸ்டோட்டல் (பல வைரஸ் ஸ்கேனர்களில் ஒரே நேரத்தில் சரிபார்க்கும் தளம்) சோதனையை இயக்குங்கள்; எழுபது சொச்சம் ஸ்கேனர்களில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

கண்டதையெல்லாம் 'எண்ட் டாஸ்க்' கொடுக்காதீர்கள். விண்டோஸுக்கு அவசியமான சிஎஸ்ஆர்எஸ்எஸ்ஸை (csrss.exe) நிறுத்தினால், கணினி முடங்கி நீலத் திரைதான். உண்மையான மால்வேரும் நிறுத்தியதோடு சாகாது. குறித்த நேரத்தில் புரோகிராம்களை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர் போன்றவை வழியே திரும்ப வரலாம். தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் (Autoruns) செயலியில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு, மிச்சம் இருப்பவற்றைப் பாருங்கள்.

ஏற்கெனவே அவர்களை உள்ளே விட்டிருந்தால், உடனே இணையத்தைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் ஓடும் சந்தேகமான புரோகிராம் பெரும்பாலும் அவர்கள் போட்ட ரிமோட் செயலிதான். நீங்கள் அனுமதிக்காமலேயே திரும்ப நுழைய, அதைப் பாஸ்வேர்ட் வைத்துச் சர்வீஸாகவே விட்டுச் செல்வார்கள். அதை நீக்கிவிட்டு, விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், கால் மணி நேரம் ஆகும். வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். வெகுநேரம் அவர்கள் கையில் கணினி இருந்திருந்தால், கோப்புகளைப் பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நல்லது.