குடும்பப் போட்டோ ஷூட்டுக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சுற்றுலா போகிற இடத்தில் அப்படியே ஒரு குடும்பப் போட்டோ ஷூட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இது. நாங்கள் ஏமாந்தோம். ஏமாற்றியவர் பெயரைப் போடப் போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் வேறு பக்கம் திறப்பார், ஆனால் செய்கிற வேலை இதேதான்.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி, விடிந்ததும் ஒன்றரை மணி நேரம். அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர். போஸ் எல்லாம் வேண்டாம், நாங்கள் பாட்டுக்கு நடக்கிறோம், பேசுகிறோம், நீங்கள் எடுங்கள் என்றேன். விடியற்காலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக விழும், முகம் நன்றாக வரும். அப்புறம் சின்னவன். மூன்று வயது. காலை பத்து மணிக்கு மேல் அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான்.

பேசியவர் தேனாகப் பேசினார். மாதிரிக்கு இருபது படங்கள் அனுப்பினார், ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினோம். எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "எல்லாம் வாட்ஸ்அப்ல இருக்கே மேடம்" என்றார். அதில் இருந்தது தேதியும் தொகையும் மட்டும்தான்.

காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நின்றோம். ஆறரைக்கு "பத்து நிமிஷம் மேடம்". ஏழரைக்கு "வந்துட்டே இருக்கோம்". எட்டரைக்கு மேல் போனையே எடுக்கவில்லை. பத்தே முக்காலுக்கு முதுகில் பையோடு வந்து இறங்கியது வேறோர் இளைஞர். நாங்கள் என்ன கேட்டிருந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. "என்கிட்ட நேத்து ராத்திரிதான்க்கா சொன்னாங்க" என்றார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, எங்களிடம் பேசியவர் கேமராவையே தொடாத தரகர்.

கேமராவைப் பார்த்ததும் காவலாளி வந்து அனுமதிச் சீட்டு கேட்டார். இப்படிப்பட்ட பல இடங்களில் போனில் எடுத்தால் ஒன்றும் கேட்கமாட்டார்கள், தொழில்முறையாக எடுத்தால் தனி அனுமதி, தனிக் கட்டணம். அது யார் பொறுப்பு என்று நாங்கள் பேசியிருக்கவே இல்லை. சரி, வந்தாயிற்று என்று நாங்களே கட்டினோம்.

உச்சி வெயில் நேராக மேலிருந்து விழுந்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். அம்மாவின் படங்களில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள். தொழில் தெரிந்தவர் மர நிழலுக்காவது கூட்டிப் போயிருப்பார், இல்லை லேசாக ஃபிளாஷ் போட்டிருப்பார். சின்னவன் ஒரு காலில் மட்டும் செருப்போடு மண்ணில் உருண்டு அழுகிறான், இவர் குனிந்து "தம்பி, ஸ்மைல் ஸ்மைல்" என்கிறார். மொத்தம் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் படங்கள் வந்தன. சுவரில் மாட்ட ஒன்றைப் பெரிதாகப் போடலாம் என்று எடுத்துப் போனால், கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஒவ்வொரு படமும் 1280 x 853 பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள்). அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அச்சிட்டால் அகலம் நாலேகால் அங்குலம்தான் வரும். நாங்கள் நினைத்திருந்த 18 x 12 அங்குலத்துக்கு 5400 x 3600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவே 6000 x 4000 தருகிறது, ஆக முழு அளவுப் படங்கள் அவர்களிடம் இருக்கின்றன. தரகரிடம் கேட்டேன். அது "பிரீமியம் பேக்கேஜ்" என்றார், தனிப் பணம்.

தாமதமானதற்கும் பழி எங்கள் மேல்தான். "நீங்கதான் மேடம் லேட்டா வந்தீங்க" என்றார். படக் கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். முதல் படம் எடுத்த நேரம் 10:58. அதே கரையில் என் போனில் எடுத்த படத்தில் 6:04. இரண்டையும் அனுப்பியதும் பேச்சு நின்றது. கையோடு அவருடைய மாதிரிப் படங்களையும் ஒரு படம் இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். நாலைந்து படங்கள் வேறு வேறு புகைப்படக்காரர்களின் பக்கங்களில் கிடந்தன. முன்பணம் கட்டும் முன் செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிட வேலை.

நீங்கள் பேசும்போது கேமரா பிடிக்கப் போகிறவரிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள். ஒரே குடும்பத்தை எடுத்த முழுத் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். திருடிய படங்களை வைத்து இருபது அழகான படம் காட்டலாம், ஒரே குடும்பத்தின் நூறு படம் காட்டுவது கஷ்டம். வரும் நேரம், தாமதமானால் பணம் திரும்புமா, எத்தனை படம், எத்தனை பிக்சல், அனுமதிக் கட்டணம் யாருடையது, பிள்ளைகள் படத்தை விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா, எல்லாம் எழுத்தில் வரட்டும். கடைசியாகச் சொன்னது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பெரியவள் இப்போது அவர்கள் பக்கத்தின் முகப்பில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன்.

நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி நல்லதாக எழுதினால், முழு அளவுப் படங்களை இலவசமாகத் தருகிறாராம்.