பேயா, போரா, குதிரையா: சிங்கப்பூர் ஈரக்காற்றில் பழைய காமிக்ஸ்

பழைய காமிக்ஸ் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: திகில் வாங்கலாமா, போர்க்கதை வாங்கலாமா, கௌபாய் வாங்கலாமா? மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் படித்து, சிலவற்றை விற்றும் பார்த்துவிட்டு, கடைசியில் போர்க்கதையில், அதிலும் பிரிட்டனில் வந்த அந்தக் கையடக்கப் புத்தகங்களில் இறங்கிவிட்டவன் நான். அதனால் நடுநிலைத் தீர்ப்பெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

திகில் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது அமெரிக்காவின் ஈசி காமிக்ஸ். 1950-ல் தொடங்கிய அவர்களுடைய திகில் வரிசை ஐந்தே வருடத்தில் முடிந்துபோனது. 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 'காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்' என்ற ரீதியில் ஒரு புத்தகம் எழுத, அமெரிக்க செனட் குழு விசாரணைக்குக் கூப்பிட, பதிப்பாளர்கள் பயந்துபோய் அதே வருடம் தங்களுக்குத் தாங்களே 'காமிக்ஸ் கோட்' என்று ஒரு தணிக்கையைப் போட்டுக்கொண்டார்கள். வந்தது கொஞ்ச காலம், கேட்கிறவர்கள் நிறைய. விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேய் வேண்டும், ஆனால் பையில் பணம் அவ்வளவு இல்லை என்பவர்கள் 1971-ல் அந்தத் தணிக்கை தளர்ந்தபின் மார்வெல் போட்ட டிராகுலா, ஓநாய் மனிதன் வகையறாவைப் பார்க்கலாம். 1964-ல் தொடங்கிய 'கிரீப்பி' இதழ் இன்னும் நல்ல தேர்வு. பத்திரிகை அளவில் கறுப்பு வெள்ளையில் வந்ததால் தணிக்கை அதைத் தொடவில்லை, ஓவியங்களும் அபாரம்.

கௌபாய் விஷயத்தில் நமக்கு அமெரிக்கா இரண்டாம் பட்சம். டெல் என்ற பதிப்பகத்தின் புகைப்பட அட்டை இதழ்கள், மார்வெலின் 'ராஹைடு கிட்' எல்லாம் இருக்கின்றன, ஆனால் அவற்றோடு வளர்ந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டதால் பழைய வேகத்தில் இப்போது கைமாறுவதில்லை என்பது என் எண்ணம். தமிழ் வாசகனுக்குக் குதிரை என்றால் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும்தான். டெக்ஸ் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர், டைகர் 1963-ல் பிரான்சில் 'புளூபெர்ரி' என்ற பெயரில் வந்தவர். இரண்டு பேரையும் தமிழ் பேச வைத்தது சிவகாசி. அங்கிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸின் எண்பதுகளின் இதழ்களுக்குத் தமிழ்நாட்டில் தனி மவுசு உண்டு. ஆனால் இங்கே வாங்குகிற ஆள் மிகக் குறைவு. என்னிடம் இருப்பவை ஊரிலிருந்து வந்த அத்தை, சித்தப்பா பெட்டிகளில் முறுக்கோடு சேர்ந்து வந்தவை, விற்றுப் பார்த்ததில்லை, விற்கிற உத்தேசமும் இல்லை. அதனால் அவற்றின் மறுவிற்பனை பற்றி என் பேச்சைக் கேட்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

இனி என் கட்சி, பிரிட்டனின் கையடக்கப் போர்க்கதைகள். 1958-ல் 'வார் பிக்சர் லைப்ரரி', 1961-ல் 'கமாண்டோ'. ஏழு அங்குல உயரம், ஐந்தரை அங்குல அகலம், அறுபத்துச் சொச்சம் பக்கம், முழுக் கதை ஒன்று. 'கமாண்டோ' இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது, ஐயாயிரம் இதழ்களை எப்போதோ தாண்டிவிட்டது. பழைய இதழ்களில் எழுதியவர் பெயரும் இருக்காது, வரைந்தவர் பெயரும் இருக்காது. ஆனால் இத்தாலி, ஸ்பெயின், அர்ஜென்டினா ஓவியர்கள் வரிசை கட்டி வேலை பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் ஐரோப்பாவே கொண்டாடிய ஹியூகோ பிராட் இந்தப் புத்தகங்களுக்கு வரைந்திருக்கிறார். எந்தப் பக்கம் யாருடைய கை என்று தூரிகைக் கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பதே ஒரு தனி போதை. பழைய பிரதி எது என்று பார்க்கவும் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அட்டையில் விலை ஷில்லிங்கில் இருந்தால் அது பிரிட்டன் 1971-ல் காசு முறையை மாற்றுவதற்கு முன்னால் அச்சானது.

கதைகளில் குறை இல்லாமல் இல்லை. ஜப்பானியர்களை வரைந்திருக்கும் விதம் பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். மலாயா, பர்மா காட்டுக் கதைகளில் நாயகன் பெரும்பாலும் வெள்ளைக்கார லெப்டினன்ட், நம் ஆட்கள் தலைப்பாகையோடு பின்னால் நிற்பார்கள். 1942 பிப்ரவரி 17 அன்று இதே ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். நான் புரட்டிய இதழ்களில் அந்த நாளை எங்கேயும் பார்க்கவில்லை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அந்தப் பக்கமாக நடக்கிறவனுக்கு இது உறுத்தாமல் இருக்காது. உறுத்தினாலும் படிக்கிறேன்.

சரி, அசல் விஷயத்துக்கு வருவோம். ரசனை, கதை, ஓவியம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிங்கப்பூரில் எதைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். இந்தக் காமிக்ஸ் எல்லாமே மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. அந்தத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது, அமிலம் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பழுப்பேறுவதும் நொறுங்குவதும் வேகமாகும். தாளுக்கு நல்லது ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், நம் ஊர்க் காற்றிலோ சராசரியே எண்பதுக்கு மேல். முதலில் ஸ்டேபிள் துருப்பிடிக்கும், அந்தத் துரு நடுப்பக்கத்தில் செம்மண் நிறத்தில் ஊறும், அப்புறம் ஓரங்களில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. கடைசியாக ராமபாணப் பூச்சி வந்து அட்டையின் மேல்பூச்சைச் சுரண்டித் தின்னும்.

இரவில் ஏர்கான் போடுகிறோமே, போதாதா என்பார்கள். இரவில் காய்ந்து, காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈரத்தை உறிஞ்சி, மறுபடி காய்ந்து என்று தாள் தினமும் விரிந்து சுருங்குவதும் கெடுதல்தான். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு, எது அதிகமானாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கு அறையான பாம் ஷெல்டருக்குள் தள்ளிவிடுவது. போர் காமிக்ஸைக் குண்டுவெடிப்புக்குப் பயந்து கட்டிய அறையில் வைப்பது பொருத்தம்தான், ஆனால் தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் காற்றை நகரவே விடாது. ஊறுகாய் ஜாடிக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தண்ணீர் சேர்க்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை அலமாரியில் வைக்கலாம், புத்தகத்துக்கு மேல் தட்டில் மட்டும் வேண்டாம், சாய்ந்தால் கதை முடிந்தது.

உருப்படியான வழி, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட், அதாவது உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் மின் அலமாரி. ஈரப்பதத்தை நாற்பத்தைந்து விழுக்காட்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவே வைத்துவிட்டு மறந்துவிடலாம், அதற்கும் கீழே ரொம்ப இறக்கினால் தாள் மொரமொரப்பாகிவிடும். இங்கேதான் என் கட்சி ஜெயிக்கிறது. கையடக்கப் புத்தகங்கள் கேபினட்டின் ஒரு தட்டில் நிமிர்ந்தபடி இரண்டு வரிசை நிற்கும். அமெரிக்க இதழுக்கு என்னுடைய கேபினட்டில் தட்டு உயரம் போதவில்லை, படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பதன் முதுகு நசுங்கும். சிஜிசி போன்ற நிறுவனங்கள் மதிப்பெண் போட்டு மூடித்தரும் பிளாஸ்டிக் பெட்டி இன்னும் பெரிது. அது காற்றுப் புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, ஈரம் உள்ளே போகும். திறந்து பார்த்தாலோ மதிப்பெண் போச்சு.

அதைவிட முக்கியம், விலை எதன் மேல் நிற்கிறது என்பது. ஈசி இதழ் ஒன்றின் விலையில் பெரும் பகுதி தாளின் நிலைக்காகத் தருவது. பக்கம் வெள்ளையா, பழுப்பா, மூலை கூராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பணம். அதாவது நம் ஊர்க் காற்று தொடத் துடிக்கிற அதே இடத்தில்தான் உங்கள் பணம் இருக்கிறது. 'கமாண்டோ' வாங்குகிறவன் பார்ப்பது எண், அட்டை, ஓவியர். தாள் கொஞ்சம் பழுத்திருந்தாலும் முகம் சுளிக்க மாட்டான், நான் விற்ற சில பிரதிகளில் பார்த்தது இதுதான். வாங்கிய விலைக்கு மேல் பெரிதாக வரவில்லை, நஷ்டமும் இல்லை. லாபம் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், கேபினட்டுக்கும் காப்பீட்டுக்கும் செலவழிக்கத் தயார் என்றால், ஈசியே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

வாங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும், மற்றபடி இணையம்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் வையுங்கள், ஒற்றைப் பிரதிக்கு அஞ்சல் செலவே புத்தக விலையைத் தாண்டும், பிரிட்டனிலிருந்து கட்டாக வாங்குவது உத்தமம். இங்கேயே யாரிடமாவது வாங்குவதென்றால் அட்டைப் படத்தோடு நிற்காமல் நடுப்பக்கத்து ஸ்டேபிளையும் பின் அட்டையின் உட்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குப்போக்கு சொன்னால் அடுத்த ஆளைப் பாருங்கள்.