லேப்களின் 'முதுகுவலி பேக்கேஜ்': எது உருப்படி, எது வீண்?

இஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், யூரிக் ஆசிட், வைட்டமின் டி, எச்எல்ஏ பி27, கூடவே லம்பார் எம்ஆர்ஐ. முதுகுவலிக்கென்று லேப்கள் கட்டித் தரும் பேக்கேஜ் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. முதுகெலும்பு வாதம் (முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி நோய்) இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுக்கிறீர்கள் என்றால் இதில் கைகொடுப்பவை, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பியும் எச்எல்ஏ பி27-ம்தான்.

முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் இந்த வாதத்தில் பொதுவாக நெகட்டிவாகவே வரும். அதைப் பார்த்துவிட்டு 'வாதமெல்லாம் இல்லை' என்று நிம்மதியாகிவிடுவதுதான் பெரிய கேடு. யூரிக் ஆசிட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

பி27 மரபணு சார்ந்தது, மாறாது. ஆயுளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். எந்த முறையில் பார்க்கிறார்கள், மரபணுவையே பார்க்கும் பிசிஆரா, செல்லின் மேலுள்ள புரதத்தைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளோவில், பி27-ஐப் போன்ற பி7 வகை உள்ளவர்களுக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டலாம். பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. நெகட்டிவ் என்பதற்காகவும் விட்டுவிட முடியாது. நோய் இருந்தும் சிஆர்பி நார்மலாக வருவதும் சகஜம்.

காசு கரைவது எம்ஆர்ஐயில். லம்பார் (கீழ்முதுகு) படம் டிஸ்க்குக்கானது. வாதம் பெரும்பாலும் தொடங்குவது அதற்குக் கீழே, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் எஸ்ஐ ஜாயிண்ட்டில். அது இந்தப் படத்தில் சரியாகப் பிடிபடாது. சீட்டில் 'எஸ்ஐ ஜாயிண்ட், செமி கரோனல், டி1, ஸ்டிர்' என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்; கடைசி மூன்றும் படம் எடுக்கும் கோணமும் முறைகளும். கான்ட்ராஸ்ட் ஊசி வழக்கமாகத் தேவைப்படாது. ஸ்டிர் படத்தில் மூட்டை ஒட்டிய எலும்பு வெள்ளையாகப் பளிச்சிட்டால் அங்கே நீர் கோத்திருக்கிறது. வாதம் என்று சந்தேகிக்க, ஒரே ஸ்லைசில் (படத்தின் ஒரு அடுக்கில்) இரண்டு இடத்திலாவது, அடுத்தடுத்த இரண்டு ஸ்லைசிலாவது அது தெரிய வேண்டும். பிரசவமான புதிதிலும், நிறைய ஓடுகிறவர்களுக்கும் இதே வெள்ளை வரும். ரேடியாலஜிஸ்ட்டிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரிப்போர்ட் திசைமாறிப் போகும்.

எந்தப் பேக்கேஜிலும் இல்லாதது விசாரிப்பு. 45 வயதுக்குள் தொடங்கி 3 மாதம் தாண்டிய வலியா? ஓய்வெடுத்தால் குறையாமல் நடமாடினால் குறைகிறதா? பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா? எப்போதாவது கண் சிவந்து வலித்ததா? குடும்பத்தில் சொரியாசிஸ் உண்டா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு 'ஆமாம்' என்றால், பேக்கேஜ் காசை ருமட்டாலஜிஸ்ட் (வாத நோய் டாக்டர்) ஃபீசுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகு எவ்வளவு வளைகிறது என்று பார்க்க அவர் எடுப்பது தையல்காரர் டேப். இடுப்பின் பின்புறம் உள்ள இரு குழிகளுக்கு நடுவிலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 5 செ.மீ. என்று பேனாவால் புள்ளி வைப்பார். முழங்காலை மடக்காமல் குனிந்தால் அந்த 15 செ.மீ. 20-ஐத் தொட வேண்டும். ஆரம்ப நிலையில் தொட்டுவிடும் என்பதால் அதை மட்டும் வைத்தும் அவர் முடிவு கட்டமாட்டார்.