அரண்மனையா, அருங்காட்சியகமா, மீன் குளமா? ஓவாஹுவில் ஒரு பள்ளிச் சுற்றுலா

ஹவாயின் ஓவாஹு தீவில் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே அழைத்துப் போகலாம் என்று பேச்செடுத்தாலே மூன்று இடங்கள் முன்னால் வந்து நிற்கும்: பிஷப் அருங்காட்சியகம், இயோலானி அரண்மனை, ஹெஏயியா மீன் குளம். யாராவது ஒருவர் ஹனௌமா விரிகுடாவையும் சேர்த்துவிடுவார். அதை முதலிலேயே தள்ளி வைக்கிறேன். 1967 முதல் பாதுகாக்கப்படும் கடல், கரையோரமே வண்ண மீன்கள், எல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிய பிறகு ஆசிரியருக்குத் தலை எண்ணுவதே வேலையாகிவிடும். குடும்பத்தோடு போக வேண்டிய இடம் அது.

பிஷப் அருங்காட்சியகம் 1889-இல் சார்லஸ் ரீட் பிஷப் தன் மறைந்த மனைவி இளவரசி பெர்னிஸ் பவாஹியின் நினைவாகத் தொடங்கியது. அதன் ஹவாய் மண்டபத்தின் மூன்று தளங்களில் ஏறினால் தெய்வங்கள், மக்களின் அன்றாட வாழ்வு, அரசர்களின் வரலாறு என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். நடுவில் ஒரு திமிங்கலம் தொங்குகிறது. ஒரு பக்கம் தோல் போர்த்திய உடல், சுற்றி வந்தால் மறுபக்கம் வெறும் எலும்பு. பிள்ளைகள் இரண்டு மூன்று தடவை சுற்றி வருவார்கள். அரசர்களின் இறகுப் போர்வைகள் இந்த அருங்காட்சியகத்தின் பெரிய சொத்து. கறுத்த உடம்பில் கொஞ்சமே மஞ்சள் இறகு கொண்ட மாமோ முதலான பறவைகளிடமிருந்து எடுத்துக் கோத்தவை. மாமோ இன்று உலகில் இல்லை. குறை ஒன்றுதான்: எல்லாமே கண்ணாடிக்குப் பின்னால். அரை மணி நேரம் தாண்டினால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தின்பண்டக் கடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மழை நாளுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை.

அரண்மனை பெரிய வகுப்புகளுக்கு. மன்னர் கலாகௌவா 1882-இல் கட்டி முடித்தது. வெள்ளை மாளிகைக்கு முன்பே மின்விளக்கு எரிந்த கட்டடம். காலணிமேல் துணியுறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கீழ்த்தளத்தின் பளபளப்பில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், மாடிக்குப் போங்கள். 1893 ஜனவரி 17 அன்று அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1895-இல் அவரை மாதக்கணக்கில் அடைத்து வைத்த அறை அங்கேதான் இருக்கிறது. அங்கே அவர் தைக்கத் தொடங்கிய பட்டுத் துண்டுப் போர்வை கண்ணாடிப் பெட்டிக்குள் விரிந்து கிடக்கிறது. செய்தித்தாள் படிக்க அவருக்கு அனுமதி இல்லை. அவர் தோட்டத்துப் பூக்களைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினார்கள். அந்தத் தாளைப் பிரித்து அவர் நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக ஒரு அரசியல் பாடம் நடத்த முடியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கோ அந்தத் துணியுறையில் சறுக்கி விளையாடலாமா என்பதே கவலை.

என் ஓட்டு மீன் குளத்துக்கு. கானேஓஹே பக்கம் கடலோரத்தில் 88 ஏக்கர் குளம். சுற்றிலும் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குச் சாந்து பூசாத கல் சுவர். எரிமலைக் கல்லை இருபுறமும் அடுக்கி நடுவில் பவளத்தைக் கொட்டி எழுப்பியது. வயது 600 முதல் 800 ஆண்டு இருக்கும் என்கிறார்கள். சுவரில் ஆங்காங்கே மாகாஹா என்னும் மரக்குச்சி வரிந்த மதகு. குஞ்சு மீன் இடுக்கு வழியே உள்ளே வரும், தின்று கொழுத்த பிறகு வெளியே போக முடியாது. நம்மூர் மடவைதான் இங்கேயும் முக்கியமான மீன்.

1965 வெள்ளத்தில் சுவர் உடைந்தது. பிறகு அலையாத்தி மரம் மண்டியது. பிச்சாவரத்தில் நாம் படகில் போய்க் கொண்டாடுகிற மரத்தின் நெருங்கிய உறவு, ஹவாயில் வந்தேறி. 1902-இல் கொண்டுவந்து நட்டது, வேர்விட்டுக் கல்லைப் பெயர்க்கிறது. வருகிற பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல்லைச் சுவருக்குச் சேர்க்கிறார்கள். சேறு முழங்கால் வரை ஏறும்.

மேட்டுப்பக்கம் கலோ வயல்கள். கலோ வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். வானத் தந்தைக்குப் பிறந்து இறந்த மூத்த குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்த செடி என்றும், அடுத்துப் பிறந்த ஹாலோவாதான் மனித குலத்தின் முன்னோன் என்றும் ஹவாய் மக்களின் கதை. ஆக, கிழங்கு அவர்களுக்கு அண்ணன். குடும்பத்தைக் குறிக்கும் ஓஹானா என்ற சொல்லே அதன் பக்கக்கன்றான ஓஹாவிலிருந்து வந்தது. வாழையடி வாழை என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டு நாள் கிடைத்தால் முதலில் குளம், பிறகு அருங்காட்சியகம். கல் தூக்கிய கை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உலக்கைக் கல்லை வேறு மாதிரிப் பார்க்கும். குளத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுத்தான் போக வேண்டும். விரல் மூடிய பழைய காலணி, மாற்றுத்துணி, துண்டு கட்டாயம். திரும்பும்போது பேருந்து இருக்கையில் விரிக்கப் பிளாஸ்டிக் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன்.