350 ரூபாய் மல்டிமீட்டரும் பாய் கொடுத்த பழைய ஹெட்லைட் பல்பும்

மீட்டருக்கு ஐந்தில் மூன்று ஸ்டார். பல்புக்கு ஐந்து, அது ஓசி.

போன ஐப்பசியில் வாலாஜாவிலிருந்து வேலூர் வரும்போது ரத்தினகிரி தாண்டியதும் பிடித்தது மழை. வைப்பர் ரெண்டு நிமிஷம் இழுத்து இழுத்து ஓடிவிட்டு நடுக் கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறான், முன்னால் ஒன்றும் தெரியவில்லை, எப்படியோ சர்வீஸ் ரோட்டில் இறக்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "மோட்டார் போச்சு சார், 4,200 ஆகும்" என்றார்கள். அந்தக் கடுப்பில் ஆன்லைனில் ஆர்டர் போட்டதுதான் வோல்ட், கரண்ட் அளக்கும் இந்த மஞ்சள் மல்டிமீட்டர்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். புரோப் வயர் குட்டை, முனை தடிமன், காரின் கப்ளருக்குள் (வயர்களைச் சேர்க்கும் பிளக்) நுழையவே இல்லை, ஊக்கைக் குத்தி அதன்மேல் வைத்துத்தான் பார்த்தேன். ஆஃப் பண்ண மறந்தால் 9 வோல்ட் பேட்டரி காலி. 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் 'அன்ஃப்யூஸ்டு', அதாவது ஃப்யூஸ் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதில் சொருகியபடியே பேட்டரியில் வோல்ட் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட்தான், புரோப் உருகிவிடும், கை ஜாக்கிரதை. மற்றபடி டிசி வோல்டேஜ் ஒழுங்காகக் காட்டுகிறது, காருக்கு அது போதும்.

சரி, வைப்பர். சுத்தமாக ஓடவில்லை என்றால் ஃப்யூஸ், சுவிட்ச், எர்த் (கார் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) இந்த மூன்றில் ஆரம்பிக்கலாம். ஸ்லோவில் ஓடாமல் ஃபாஸ்ட்டில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் ஸ்லோவுக்கான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், ஏனென்றால் இந்த மோட்டார்களில் வழக்கமாக மூன்று பிரஷ் உண்டு, ஒன்று பொது, மற்ற இரண்டும் ஸ்பீடுக்கு ஒன்றாக. ஓடுவதெல்லாம் நன்றாக ஓடி, ஆஃப் பண்ணினால் கீழே வந்து படுக்காமல் நின்ற இடத்திலேயே நின்றால் கியருக்குள் இருக்கும் பார்க்கிங் கான்டாக்டைப் பார்க்க வேண்டும். எனக்கு ரெண்டு ஸ்பீடுமே மந்தம். அப்படியானால் கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் என்பது வரைக்கும் நானே யோசித்துவிட்டேன். மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் லிங்க்கைக் கழற்றிக் கையால் ஆட்டிப் பார்த்தேன், இலகுவாகத்தான் ஆடியது.

அப்புறம் மோட்டார் கப்ளரைப் பிடுங்கி, ஸ்லோ வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட். கரண்ட் முழுசாக வருகிறது, அப்போ மோட்டார்தான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புகூடக் கேட்டேன்.

காட்பாடி பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாயிடம் பழைய மோட்டார் கிடைக்குமா என்று கேட்கப் போனால், "இன்னாத்துக்கு தம்பி மோட்டாரு? லோடு குடுத்துப் பாத்தியா?" என்றார். குப்பை டப்பாவிலிருந்து ஒரு எச்4 ஹெட்லைட் பல்பை எடுத்தார். ஹை பீம் இழை போனது, லோ பீம் இழை 55 வாட் நன்றாக இருக்கிறது. அதில் ரெண்டு வயர் வைத்து நான் ஊக்கு குத்திய அதே இடத்தில் கொடுத்தார். பளிச்சென்று எரிய வேண்டியது மஞ்சளாக அழுது வடிந்தது. அப்போது மீட்டரை வைத்தால் 9.3தான்!

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, துருப்பிடித்த ஜாயின்ட் வழியாகக்கூட அந்தத் துளி வந்துவிடும். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் கேட்கிறது, மோட்டாரும் ஏறக்குறைய அவ்வளவு கேட்கும், அப்போதுதான் துருவின் வேலை தெரிகிறது. கடையில் விற்கும் எல்இடி டெஸ்டரும் இதே ரகம்தான், இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

பாய் பல்பின் எர்த் பக்கத்தை மட்டும் எடுத்து நேராக பேட்டரி மைனஸில் வைத்தார், வெள்ளையாக எரிந்தது. சுவிட்ச், ஃப்யூஸ், ரிலே எல்லாம் நிரபராதி. "எர்த்து புடிக்கல, அவ்ளோதான்."

இதை மீட்டரிலேயே கண்டுபிடித்திருக்கலாம், எனக்குத்தான் தெரியவில்லை. கப்ளரை மாட்டி, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓடவிட்டு, ஒரு புரோப் பேட்டரி மைனஸில், இன்னொன்று மோட்டாரின் எர்த் வயரில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 3-க்கு மேல் ஆடியது. அதனால்தான் மீட்டருக்கு இன்னும் ஒரு ஸ்டாரைக் குறைக்காமல் விட்டேன்.

காரணம் எங்கள் சத்துவாச்சாரி வீட்டு வேப்பமரம். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு முறம் சருகு, தண்ணீர் போகிற ஓட்டை அடைத்து, எர்த் போல்ட் துருவில் ஊறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை மாற்றி முறுக்கி, மேலே வாசலின் தடவியதற்கு பாய் 150 வாங்கினார். பல்பைக் கேட்டேன், வைத்துக்கொள் என்றார். ரொம்பச் சூடாகும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள், ஏர்பேக் வயர் பக்கமோ ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பக்கமோ கொண்டே போகாதீர்கள்.

இப்போது ரெண்டு ஸ்பீடும் பறக்கிறது. ஆஃப் பண்ணினால் மட்டும் டிரைவர் பக்கத்து வைப்பர் ரெண்டு விரல் மேலேயே நிற்கிறது. அது எலெக்ட்ரிக்கல் கோளாறு இல்லை, கவரைக் கழற்றும்போது எடுத்த ஆர்மை நான் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றணும்.