காக்கைக்கு எவர்சில்வர் தட்டு: வாங்கலாமா?

பால்கனி கிரில்லில் மாட்டுகிற எவர்சில்வர் தட்டு ஒன்று ஆன்லைனில் ஓடிக்கொண்டிருக்கிறதே, "எல்லாப் பறவைகளுக்கும் ஏற்றது" என்று போட்டு, கூடவே ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம், கிளாம்ப், எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள். அதைத்தான் வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒரே சாமானை நாலைந்து பெயரில் விற்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். வீடு முத்தியால்பேட்டையில் இரண்டாவது மாடி, எதிரே வேப்ப மரம், காக்கைக்குக் குறைச்சலே இல்லை. தட்டு ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் பார்த்துவிட்டது.

முதலில் அந்த விளம்பரப் படம். தட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிற கறுப்புப் பறவை நம் ஊர்க் காக்கையே கிடையாது, ரேவன் என்கிற பெரிய காக்கை இனம். தொண்டையில் தாடி மாதிரி சிலிர்த்துக்கொண்டிருக்கும் இறகைப் பார்த்தாலே தெரியும். ஒரு கிலோவுக்கு மேல் எடை வரக்கூடிய பறவை அது, நம் நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைக்கோ ராஜஸ்தான் வறண்ட நிலத்துக்கோ போக வேண்டும். புதுச்சேரியில் நமக்கு வாய்த்தது சாம்பல் கழுத்து ஊர்க்காக்கையும், அதைவிடப் பெரிதாக, தடித்த அலகோடு முழுக்கக் கறுப்பாக இருக்கிற அண்டங்காக்கையும்தான். அந்த அண்டங்காக்கை வந்து இறங்கினாலே தட்டு ஒரு பக்கம் சாய்கிறது. நிஜ ரேவன் உட்கார்ந்திருந்தால் கிளாம்போடு தெருவுக்குப் போயிருக்கும், படம் எடுத்தவர் எதில் ஒட்டினாரோ.

அடுத்தது, வாங்கியவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருப்பது. "ரெண்டு நாளா வச்சிருக்கேன், ஒரு காக்கா கூட வரல." இதில் தட்டின் மேல் தப்பே இல்லை. காக்கை இனத்துக்கே புதுப் பொருள் என்றால் பயம். மேலை நாடுகளில் ரேவன் செத்த மாட்டைக் கண்டால்கூட உடனே வாய் வைக்காது, கிட்டே வரும், துள்ளிப் பின்வாங்கும், மறுபடி வரும், அப்படிப் பலமுறை செய்து பார்த்த பிறகுதான் கொத்தும். பளபளவென்று வெயிலில் மின்னுகிற தட்டை நம் காக்கை மட்டும் எப்படி உடனே நம்பும்? அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், "அதுல வச்சா எடுக்காதுடா, அமாவாசைக்கு வைக்கிற மாதிரி எலைல வையி." சரி என்று ஒரு வாழை இலைத் துண்டைத் தட்டில் விரித்து அதன் மேல் சோறு வைத்ததும்தான் ஆரம்பித்தது. பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கி நிறுத்திவிட்டேன். வாங்குகிறவர்கள் இதைச் செய்யுங்கள், தட்டைத் திருப்பி அனுப்பும் வேலை மிச்சம்.

தட்டின் உண்மையான குறை அளவு. விளிம்பில் இரண்டு காக்கை உட்கார்ந்தால் மூன்றாவதற்கு இடமில்லை, அதனால் ஒரு ஜோடி அதைச் சொந்தமாக்கிக்கொண்டு மற்றதை எல்லாம் விரட்டுகிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலக் காடுகளில் பெர்ன்ட் ஹைன்ரிக் என்கிற விஞ்ஞானி 1980களில் பனிக்காலத்தில் இறைச்சியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஜோடி சேராத இளம் ரேவன்கள் தீனியைக் கண்டதும் கத்திக் கூட்டம் சேர்க்கின்றன, ஏன் என்றால் தனியாகப் போனால் அந்த இடத்துக்குச் சொந்தக்கார ஜோடி அடித்துத் துரத்திவிடும், கும்பலாகப் போனால் ஜோடியால் ஒன்றும் செய்ய முடியாது. நம் மொட்டை மாடியிலும் சோற்றை அகலமாக வைத்தால் எல்லாம் இறங்கிச் சாப்பிடுகின்றன. கைக்குட்டை அகலத் தட்டில் எவ்வளவு கத்தி என்ன கூட்டம் சேர்த்து என்ன, உட்கார இடம் வேண்டாமா? கடைசியில் கத்தல்தான் மிச்சம், அதுவும் காலை ஐந்தரை மணிக்கு.

வேடிக்கை பார்க்க மட்டும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது, அதற்கே நட்சத்திரம் கொடுக்கலாம். ஜன்னலுக்கு உள்ளே காபியோடு உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது எல்லாம். காய்ந்த ரொட்டித் துண்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி ஊறவைத்துத் தின்பது, மீதி இட்லியைத் துளசித் தொட்டியில் செருகி மேலே ஒரு சருகை இழுத்துப் போட்டு மூடுவது, மூடும்போது இன்னொரு காக்கை பார்த்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடுவது. 2016இல் வெளிவந்த வியன்னா ஆய்வு ஒன்றில், பக்கத்து அறைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை திறந்திருந்து அங்கே இன்னொரு ரேவனின் சத்தமும் கேட்டால், ஆளே தெரியாவிட்டாலும் ரேவன்கள் தீனியை உஷாராக ஒளித்தன. எங்கள் ஊர்க்காக்கை அந்த அளவுக்குப் போகுமோ என்னவோ, திருட்டுப் பயம் அதற்கும் குறைவில்லை. கோடையில் இன்னொன்றும் நடந்தது: கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றிய குயிலின் குஞ்சு தட்டு விளிம்பில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார, காக்கை சோறு ஊட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா செல்போனோடு ஓடி வந்தார்.

கிளாம்பைக் கோடைக்கு முன்பே இறுக்கிவிடுங்கள். மரத்தில் குஞ்சு இருக்கும்போது ஸ்பேனரோடு பால்கனியில் நின்றால் மண்டையில் கொத்து விழும். முகத்தை வேறு ஞாபகம் வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்கிற விஞ்ஞானியின் குழு 2006இல் ஒரு குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டி விட்டது, அதற்கு அப்புறம் பல வருஷம் அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் அவை கூடிக் கத்தின.

இனி உலோகம். எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம், அதிலும் நம்பர் போட்டுப் பல ரகம் உண்டு, இந்தத் தட்டு 202 ரகம், நிக்கல் குறைவு, கடல் காற்றுக்குத் தாங்காது. மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் வைத்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. கிளாம்ப் ஸ்க்ரூ வெறும் இரும்பு. கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள், கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர்களும் சேர்த்துத்தான், நிக்கல் அதிகமுள்ள 304 ரகம் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள், ஸ்க்ரூவைக் கடையில் தனியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் சுத்த வேஸ்ட். ஒரு மீன் தலையை முக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், நாறிவிடும், மாற்றாமல் விட்டால் கொசு. நான் அதைக் கழற்றிவிட்டு, வில்லியனூரில் வாங்கிய அகலமான மண் தட்டை மொட்டை மாடியில் வைத்துவிட்டேன். கனமாக இருக்கிறது, கவிழ்க்க முடிவதில்லை, மதிய வெயிலிலும் தண்ணீர் கொதிப்பதில்லை, அண்டங்காக்கை உள்ளே இறங்கிக் குளிக்கவே செய்கிறது. எதுவானாலும் தினம் தேய்த்துக் கழுவ வேண்டும், கழுவிய கையை சோப்பு போட்டு. 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சலில் காக்கைகள் கொத்தாகச் செத்தன. செத்த காக்கை கண்ணில் பட்டால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

தீனிக்குத் தனியாகச் செலவு வேண்டாம். உப்புப் போடாத சோறு, அவித்த முட்டை, வறுக்காத வேர்க்கடலை போதும். மிக்சர், ஊறுகாய் சோறு, உப்புக் கருவாடு வைக்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரவு எலிக்கு விருந்து.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். சொந்த மாடி இருக்கிறவர்களுக்கு மண் தட்டே போதும். பால்கனியைத் தவிர வேறு இடம் இல்லாதவர்கள் வாங்கலாம், கீழ் வீட்டுக்காரர் துணி காயப்போடுகிற பக்கம் மட்டும் மாட்டாதீர்கள்.